மார்பெலும்பைத் தொட்டுப் பாருங்கள்

முட்டைப் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்லும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், கோழிகளின் நலத்தைப் பற்றி நான் பேச்சைத் தொடங்குவது ஒரு கோழியைக் கையில் எடுத்து அதன் மார்பெலும்பை விரலால் தடவிக் காட்டித்தான். நேராக ஓட வேண்டிய அந்த எலும்பு வளைந்திருப்பதையோ, முறிந்து ஆறிய இடத்தில் புடைத்திருப்பதையோ விரல் நுனியே சொல்லிவிடும். நன்றாக முட்டையிடும் கோழியிலும் இது இருக்கக்கூடும் என்பதால், அன்றாட முட்டைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், கோழி தீனி எடுக்காத நேரத்தில் உருவாவதால், குடலில் இருப்பது போதாதபோது எலும்பு கரைந்து ஈடுகட்டுகிறது. ஆகவே மாலைத் தீனியில், வயிற்றில் தங்கி மெல்லக் கரையும் பருமனான சுண்ணாம்புக்கல் துகள்களைச் சேர்க்கச் சொல்கிறேன். பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாத மாற்றம் இது.

கூண்டு அவ்வளவு எளிதில் தீரும் பிரச்சினையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல், வேறு வசதி எதுவும் இல்லாத வெறுங்கூண்டுகளைத் தடைசெய்துவிட்டது. அங்கே கூண்டில் வளர்ப்பதாயின் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், முட்டையிட மறைவிடமும், ஏறி அமரக் கட்டையும், கிளறக் கூளமும் கட்டாயம். ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய அந்த இடத்தைத் தாராளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூண்டைக் கழற்றிவிட்டால் போதும் என்பதும் பிழை: அடுக்கடுக்கான கொட்டகையில் இறங்கத் தெரியாமல் விழும் கோழிகள் இதே மார்பெலும்பைத்தான் முறித்துக்கொள்கின்றன. சாய்வுப் பலகை வைப்பதும், குஞ்சுப் பருவத்திலேயே ஏறி இறங்கப் பழக்குவதும் இதைக் குறைக்கும்.

நம் சிங்கப்பூரில், பண்ணை வட்டாரமான லிம் சூ காங் போன்ற இடத்தில்கூட நிலம் அரிது. ஈரப்பதமோ ஆண்டு முழுவதும். வெப்பத்தில் மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்து முட்டையின் ஓடும் மெலிகிறது. ஈரக் கூளத்தில் அம்மோனியா பெருகிக் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். ஒரு பிடி கூளத்தை அழுத்திவிட்டுக் கையை விரித்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கொட்டகையில் நாள்முழுதும் நிற்பவருக்கு நெடி பழகிவிடுவதால், வெளியிலிருந்து வருபவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்குத் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவர், மாதத்தில் ஓரிரவு மங்கிய விளக்குடன் உள்ளே போய், உறங்கும் கோழிகளில் 50-ஐத் தடவிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். பண்ணைக்குப் போனால் முட்டைக் கணக்குக்கு முன்பாக நான் கேட்டு வாங்குவது அந்தக் குறிப்பேட்டைத்தான்.