ஷெட்யூலில் வரும் ‘ஓ.எஸ்.’ வழக்கு எண் அல்ல

போன மாதம் ஒரு அண்ணனும் தங்கையும் பழைய ஃபைலோடு வந்தார்கள். தாத்தா எழுதிய உயில், அதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற கோர்ட் சான்று. சொத்து விவரத்தில் ‘ஓ.எஸ். நம்பர்’ என்று இருந்ததைப் பார்த்து, வீட்டின் மேல் ஏதோ வழக்கு இருக்கிறதென்று பயந்து நாலு மாதம் கோர்ட் கோர்ட்டாக அலைந்திருக்கிறார்கள். அப்படி ஒரு வழக்கே கிடையாது. சொத்து ஷெட்யூலில் ஓ.எஸ். என்றால் பழைய சர்வே எண். கோர்ட் பெயரோடு வந்தால்தான் அது அசல் வழக்கு. பக்கத்திலிருந்த ‘சி.சி.’யும் அப்படித்தான். சென்னை நகரப் பத்திரங்களில் அது கலெக்டர் சர்டிபிகேட் எண். கிரிமினல் கோர்ட்டில்தான் வழக்கு எண்.

சென்னை நகரில் இந்துக்கள் எழுதும் உயிலுக்கு புரொபேட் வாங்க வேண்டும் என்ற சட்டம் 1870 செப்டம்பர் 1 முதல் இருந்தது. அதனால்தான் நகரத்துப் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் இந்தக் காகிதங்கள் இவ்வளவு கிடைக்கின்றன.

புரொபேட் காகிதத்தின் முதல் பக்கத்தில் நான் தேடுவது எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தைத்தான். ஓ.பி. என்றால் மனு. யாரும் எதிர்க்காவிட்டால் அதிலேயே உத்தரவாகிவிடும். யாராவது கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் அது டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காகி, உயில் உண்மையா என்று சாட்சி விசாரணை நடக்கும். டி.ஓ.எஸ். கண்ணில் பட்டால் உயில் நகலோடு நின்றுவிடாதீர்கள். தீர்ப்பு நகலுக்கும் மனுப் போடுங்கள். ஓ.எஸ்.ஏ. என்றும் இருந்தால் அப்பீல் போயிருக்கிறது, அந்தத் தீர்ப்பும் வேண்டும். எதிர்த்தது யார், எந்தப் பங்குக்காக என்பது அங்கேதான் இருக்கும்.

‘டி.பி.என்.’ அபூர்வமாகத்தான் வரும். உயிலை நிறைவேற்ற வேண்டிய எக்ஸிகியூட்டர் பாதியில் இறந்துபோக, மீதிச் சொத்தை நிர்வகிக்க இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரம் அது.

தமிழ் உயில்களில் வேறு சிக்கல். ‘௸’ என்ற குறியை ‘ஷை’ என்று படித்து, அது ஒருவர் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘மேற்படி’ என்பதுதான் அதன் பொருள். ‘௸யார்’ என்றால் மேலே சொன்னவர். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டது கடைசிப் பக்கத்தைப் பற்றி. தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கீறல், அதன் கீழே ‘தற்குறி’. “அவரை இப்படித் திட்டியா எழுதுவாங்க சார்? கையெழுத்தே இல்லையே, உயில் செல்லுமா?” எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் குறிக்குப் பெயரே தற்குறிதான் அம்மா என்றேன். இரண்டு சாட்சிகள் அட்டெஸ்ட் செய்திருந்தால் அந்தக் கீறலும் கையெழுத்தும் சட்டத்துக்கு ஒன்றுதான். கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தது.