கறுப்பு பெல்ட்டுக்கு விழத் தெரியாது

இந்த வாரமும் ஒருவர் வந்தார். டேக்வாண்டோவில் பல வருடம் உதைத்துப் பழகியவர், கறுப்பு பெல்ட். கூடவே ஆளைத் தூக்கி வீசும் ஜூடோவும் கற்கலாமென்று புது வகுப்பில் சேர்ந்து, வந்த வேகத்தில் சண்டைப் பயிற்சியில் இறங்கியிருக்கிறார். யாரோ தூக்கிப் போட, கையை ஊன்றி விழுந்தார். "சுளுக்குதான் சார், கிரேப் பேண்டேஜ் சுத்திட்டேன்." சுற்றிக்கொண்டே பயிற்சிக்கும் போயிருக்கிறார்! விளையாட்டுக் காயம் பார்க்கும் பிசியோவாக இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது?

அடிக்கும் கலை, பிடிக்கும் கலை என்று எதிரெதிரான இரண்டைச் சேர்ப்பதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முழு வேகத்தில் அடிக்கும் கியோகுஷின் கராத்தேயோடு ஜூடோவைச் சேர்த்து ஜப்பானின் அசுமா தகாஷி 1981இல் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் கூடோ என்ற சண்டைக் கலை வந்தது. கராத்தேயும், பிடித்துப் பூட்டும் ஜியு-ஜிட்சுவும் கற்ற லியோட்டோ மச்சிடா 2009இல் எல்லாக் கலைகளும் மோதும் யுஎஃப்சி போட்டியில் பட்டமே வென்றார். ஆனால் இவர்கள் யாரும் இரண்டாவது கலையை நடுவிலிருந்து தொடங்கவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது, "ஒன்றில் சீனியர் என்றால் அடுத்ததில் பாதி கிணறு தாண்டியாச்சு" என்ற நினைப்பில். உண்மையில் முதல் கலையில் எவ்வளவு தேர்ந்தவரோ, அவ்வளவு ஆழமாக அதன் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கும். டேக்வாண்டோ போட்டியில் கீழே விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. எப்படியாவது விழாமல் இருக்கவே வருடக்கணக்கில் பழகியவர் அவர். ஜூடோவிலோ முதல் பாடமே விழுவதுதான். பாக்ஸர் அடிக்குத் தப்பத் தலையைத் தாழ்த்துவார். பிடிப்புக் கலைக்காரருக்கு அது தானாக வந்து மாட்டும் கழுத்து. மல்யுத்தக்காரர் காலைப் பிடிக்கக் குனிந்து பாய்வார். தாய்லாந்து பாக்ஸிங் தெரிந்தவரின் முழங்கால் அங்கே காத்திருக்கும். கராத்தேக்காரர் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் முன்கால், பிடிக்க வருபவருக்கு வசதி. அங்கே கைதட்டல் வாங்கித் தந்த பழக்கமே இங்கே காயம் வாங்கித் தருகிறது. அவசரத்தில் உடம்பு உங்களைக் கேட்டு முடிவெடுக்காது, பழையதைத்தான் செய்யும். புதியது பழக நாளாகும். அந்த இடைப்பட்ட காலத்தில்தான் என்னிடம் வருகிறார்கள்.

மணிக்கட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பிறகு அங்கே அழுத்தி வலித்தால், சுளுக்கு என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தக் குழிக்குள் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால்தான் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறோம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒரு துண்டு ஒட்டாமலே செத்துப்போகும். கிரேப் பேண்டேஜால் ஆகிற வேலை இல்லை அது.

முழங்கால் காயங்களும் இப்படித்தான். உதைத்த கால் பிடிபட்டதும் ஊன்றிய காலைத் திருகி விடுவித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். மெத்தென்ற விரிப்பில் பாதம் திரும்பாது, முழங்கால்தான் திரும்பும். மோவாயை நெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து விடுங்கள். ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான்.

வீடியோவில் பார்த்த கத்தரிக்கோல் வீழ்த்தலை (பாய்ந்து இரு கால்களாலும் எதிராளியைக் கவ்விச் சாய்ப்பது) நண்பர்மேல் செய்து பார்ப்பவர்களுக்கு: 1980இல் ஜப்பானிய ஜூடோ வீரர் யமாஷிதாவின் கால் எலும்பையே அது முறித்தது. ஜூடோவில் அதற்குத் தடை. குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் குதிகால் பூட்டு இன்னும் மோசம், வலி தெரியும்போது பெரும்பாலும் தசைநார் கிழிந்திருக்கும். வலிக்கட்டும் என்று காத்திராமல், பூட்டு விழுந்ததுமே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

புது வகுப்புக்கு வெள்ளை பெல்ட்டோடு போங்கள். கையை ஊன்றாமல் விழுவது யோசிக்காமல் வரும்வரை ஒருவரையொருவர் தூக்கிப் போடும் வீச்சுப் பயிற்சி வேண்டாம். இறங்கும் முன் எது உண்டு, எது இல்லை, எவ்வளவு வேகம் என்று ஜோடியிடம் பேசிக்கொள்ளுங்கள். தலையில் பலமான அடி வாங்கிய நாளில் "தரைப் பயிற்சிதானே" என்று பிடிப்பு வகுப்புக்குப் போகவே கூடாது. மூளை குலுங்குவதற்குத் தலையில்தான் அடி விழ வேண்டும் என்பதில்லை, ஒரு வீச்சு போதும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓய்வு.

பயிற்சியாளர்களே, உங்களிடம் வேண்டுகோள்தான். வேறு கலையின் சீனியர் வந்து நின்றால் அவர் மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். குழந்தைகள் வரிசையில் நிறுத்தி, முதலில் உருளச் சொல்லுங்கள்.