பின்பக்க ஸ்வே பார்: மாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"அண்ணே, வளைவுல வண்டி ரொம்ப சாயுது, பின்னாடி ஒரு ஸ்வே பார் போட்டுடலாமா?" கோவையில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஸ்வே பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதை எதிர்க்கும் இரும்புக் கம்பி. சிலர் ஆன்லைனில் வாங்கிய பார்சலைக் கையோடு தூக்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். போட்டால் சாய்வு குறையும், அதில் பொய் இல்லை. அதோடு சேர்ந்து வேறென்ன குறைகிறது என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியும் நிறைந்தால் வண்டி பின்னால் தணிகிறது; பார் போட்டால் நிமிர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிமிராது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி, அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். தணிவதைப் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கில்.

இனி முக்கியமான விஷயம். வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். பின்பக்கத்தை மட்டும் இறுக்கினால், இந்த மாற்றத்தில் அதிகப் பங்கு பின் டயர்கள் தலையில் விழும். டயருக்கு ஒரு குணம் உண்டு: பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது. அதனால் வெளிப்பக்க டயருக்குக் கூடுகிற பிடிப்பு, உள்பக்க டயர் இழப்பதை ஈடுகட்டாது. கூட்டிக் கழித்தால் பின்பக்கப் பிடிப்பு குறைந்து, முன்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுகிறது. போட்ட அன்று "ஸ்டியரிங் செம ஷார்ப்பா இருக்குண்ணே" என்று சொல்வார்களே, அது இதனால்தான். பின்னால் இருந்து எடுத்து முன்னால் கொடுத்திருக்கிறோம்.

ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகளில், எல்லை மீறினால் முதலில் முன்பக்கம் வழுக்கும்படிதான் கம்பெனி வேண்டுமென்றே அமைத்திருக்கிறது. பயந்தால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்று: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். கம்பெனி அமைப்பில் அது பெரும்பாலும் காப்பாற்றும். வேகம் குறைந்து முன்பக்கம் பிடித்துக்கொள்ளும். தடிமனான பின் பார் இருக்கும்போது, வளைவின் நடுவில் காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், ஏற்கெனவே பிடிப்பு குறைந்த பின்பக்கம் இன்னும் லேசாகி வெளியே வீசும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மழை ஈரத்தில் இறங்கும்போது இது நடந்தால் திருத்துவதற்கு அங்கே இடம் கிடையாது. புது டயர் இரண்டை முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளும் நம் ஊர்ப் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வழுக்கும்போது தானாக பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் இஎஸ்பி இருக்கிறதே என்பார்கள். அது டயரில் இருக்கிற பிடிப்பை வைத்துத்தான் வேலை செய்யும், இல்லாததைக் கொண்டுவராது.

"பழசு 19 மில்லிமீட்டர், இது 22, மூணு மில்லிமீட்டர்தானே?" என்பது அடுத்த வாதம். கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால், அந்த மூன்று மில்லிமீட்டரில் விறைப்பு சுமார் 80 சதவீதம் கூடிவிடும்.

நான் மேலே சொன்ன கார்களில் பின்னால் இருப்பது டுவிஸ்ட் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புச் சட்டம். வளைவில் அந்த பீமே முறுக்கிக்கொண்டு ஸ்வே பார் வேலையைச் செய்கிறது. அதன் மேல் இன்னொரு கம்பியை போல்ட் போட்டு இறுக்கும்போது, கம்பெனி எதிர்பார்க்காத இடத்தில் பாரம் ஏறுகிறது. அப்படிப்பட்ட வண்டியை ராம்பில் தூக்கிப் பார்த்தால் கதை தெரியும்: பிராக்கெட்டைச் சுற்றி பெயின்ட் உரிந்து துரு, வட்டமாக இருந்த ஓட்டை நீளவாக்கில் தேய்ந்திருக்கும், ஏபிஎஸ் சென்சார் ஒயர் கம்பியில் உரசித் தோல் போயிருக்கும், கம்பியின் அடியில் வேகத்தடை இழுத்த கீறல். 'டக் டக்' சத்தத்துக்கு ஷாக் அப்சார்பரை மாற்றியும் போகவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு சத்தம் இந்த பிராக்கெட்டிலிருந்துதான் வரும்.

சொகுசும் போகும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அந்த அடி மறுபக்கத்துக்கும் கடத்தப்பட்டு, பின்சீட்டில் இருப்பவர்கள் தலை இடவலமாக ஆடும். பொலேரோ மாதிரி பின்சக்கர இழுவை வண்டியில், வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகி வீணாகச் சுற்றும். கரடுமுரடான பாதையில் சக்கரம் தரையோடு ஒட்டி இறங்க விடாது. அதற்காகவே ஜீப் ராங்லர் ரூபிகானில் முன் பாரை பட்டனை அழுத்திக் கழற்றிவிடும் வசதி வைத்திருக்கிறார்கள்.

செட்டிபாளையம் காரி ட்ராக்கில் ஓட்டப் பழகுபவர்களுக்கு நானே மாட்டிக் கொடுப்பேன். ஓட்டம் தெரிந்தவர், சமமான தளம், எதிரே லாரி வராது. குடும்பத்தோடு போகிற வண்டி சாய்கிறது என்றால் முதலில் டயர் காற்று, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் (முன் ஸ்வே பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி), லோயர் ஆர்ம் புஷ் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மேல் அதோடு சரியாகிவிடும்.

அப்புறமும் வேண்டும் என்றால், முனையில் பல ஓட்டைகள் இருந்து, விறைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய பார் வாங்குங்கள். லிங்க்கை கம்பியின் நுனியில் இருக்கும் கடைசி ஓட்டையில் மாட்டினால்தான் விறைப்பு குறைவாக இருக்கும், அதிலிருந்து ஆரம்பியுங்கள். நல்ல டயர் இரண்டும் பின்னால் இருக்கட்டும். சில நாள் ஓட்டியதும் வந்து போல்ட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள்.