படியெடுப்புத் தடை: சொந்தக் கல்யாணக் கேசட்டை ரெக்கார்டர் ஏன் மறுக்கிறது?

‘காப்பி புரொடெக்‌ஷன்’ என்ற சொல்லைப் பலர் முதலில் பார்ப்பது ஒரு பிழைச்செய்தியில்தான். 1990களில் எடுத்த கல்யாணக் கேசட்டை டெக்கில் போட்டு, டிவிடி ரெக்கார்டரில் பதியத் தொடங்குவார்கள். நலங்கு வரைக்கும் ஒழுங்காக ஓடும். அப்புறம் பதிவு நின்று, ‘இந்தப் படம் பாதுகாக்கப்பட்டது, பதிய முடியாது’ என்று திரை சொல்லும். நம் வீட்டு விசேஷத்தை யார் பாதுகாத்து வைத்தார்கள்? யாரும் இல்லை. அந்தச் செய்தி பொய். ஏன் பொய் என்று புரிய, சொல்லின் பொருளையும் கருவி வேலை செய்யும் விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தின் ‘காப்பி’, லத்தீன் ‘கோப்பியா’விலிருந்து வந்தது. நிறைவு, மிகுதி என்பது அதன் பொருள். இடைக்கால லத்தீனில் அது எழுத்துப் படியைக் குறிக்கத் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘புரொடெக்ட்’ என்பதற்கு லத்தீனில் முன்னால் நின்று மறைத்தல் என்று பொருள். இரண்டையும் சேர்த்தால் படியைக் காப்பாற்றுவது போலத் தொனிக்கிறது. நடப்பதோ நேர் எதிர்: படியே உருவாகாமல் தடுப்பதுதான் இதன் வேலை.

அதனால்தான் ‘நகல் பாதுகாப்பு’, ‘நகல் காப்பு’ என்ற மொழிபெயர்ப்புகள் எனக்கு ஒப்பவில்லை. கணினித் தமிழில் ‘காப்பு நகல்’ என்றால் பத்திரமாக எடுத்து வைக்கும் இன்னொரு படி. சொற்களை இடம் மாற்றிப் போட்டதும் பொருள் தலைகீழாகிறது என்றால், வாசிப்பவர் குழம்பத்தான் செய்வார். ‘நகல்’ அரபிச் சொல். பாரசீகம், உருது வழியாக வந்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் அசலோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. அதை விலக்கச் சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் ‘படி’ இருக்கிறது. ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடி எழுதுவதைப் படியெடுத்தல் என்றே சொல்லி வந்திருக்கிறோம். ஆகவே ‘படியெடுப்புத் தடை’ பொருத்தமான சொல். பேச்சுவாக்கில் ‘நகல் தடை’ என்றாலும் சரி. ‘தடை’ என்ற பகுதியைத்தான் விட்டுவிடக் கூடாது. பதிப்புரிமை என்பது சட்டம் தரும் உரிமை. தடை என்பது கருவிக்குள் இருக்கும் ஏற்பாடு. ஒன்று இல்லாத இடத்தில் மற்றது குறுக்கே வந்து நிற்கலாம்.

இந்த ஏற்பாட்டில் பெயர்பெற்றது மேக்ரோவிஷன். அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய நிறுவனம் அது. 1985இல் வீடியோ கேசட்டாக வந்த ‘தி காட்டன் கிளப்’ படத்தில் அதன் உத்தி முதலில் பயன்பட்டது. நம் ஊர் டிவியின் ‘பால்’ (PAL) முறையில் ஒரு படச்சட்டத்துக்கு (ஃபிரேம்) 625 கோடுகள். படமாகத் தெரிபவை ஏறக்குறைய 576. மிச்சக் கோடுகள் திரைக்கு வராத இடைவெளி. மேக்ரோவிஷன் அந்த இடைவெளியில் பொய்யான ஒத்திசைவுத் துடிப்புகளையும் (கோடு எங்கே தொடங்குகிறது என்று கருவிக்குச் சொல்பவை), அவற்றையொட்டி மிகப் பிரகாசமான துடிப்புகளையும் செருகியது. பதிவு செய்யும் டெக்கில் சிக்னலின் அளவைத் தானாகச் சரிசெய்யும் ஒரு சுற்று உண்டு. அது இந்தத் துடிப்புகளைப் பார்த்து, சிக்னல் அதிகமாக வருகிறது என்று ஏமாந்து, அளவைக் குறைக்கும். படியில் படம் மங்கும், திடீரென்று வெளுக்கும், மறுபடி மங்கும். டிவியில் நேராகப் பார்ப்பவருக்கு பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை.

டிவிடி ரெக்கார்டர்கள் வந்தபோது முறை மாறியது. அவை ஏமாறுவதில்லை, அந்தத் துடிப்புகளைத் தேடிப் பார்த்து, கண்டால் பதிய மறுக்கின்றன. கோளாறு தொடங்குவது இங்கேதான். ரெக்கார்டருக்குக் கேசட்டில் இருப்பது சினிமாவா சீமந்தமா என்று தெரியாது. திரைக்கு வராத கோடுகளில் ஒரு வடிவத்தை மட்டுமே அது தேடுகிறது. இருபது முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த நாடா இழுபட்டிருக்கும், பூச்சு உதிர்ந்திருக்கும், ஒத்திசைவு ஆடும். அந்த இரைச்சல் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தால், தடைத் துடிப்பு போலவே தெரியும். சிஜிஎம்எஸ்-ஏ என்ற இன்னொரு குறியீடும் உண்டு. தாராளமாகப் படியெடுக்கலாமா, ஒரே ஒரு தடவை மட்டுமா, கூடவே கூடாதா என்பதை அது இரண்டே பிட்டுகளில் சொல்கிறது. இரைச்சலை அப்படி ஒரு குறியாகக் கருவி தவறாக வாசிக்கவும் வாய்ப்புண்டு. இந்தப் பொய்ச் செய்தியை நான் ‘போலித் தடை’ என்று எழுதுகிறேன்.

உண்மைத் தடையையும் போலித் தடையையும் பிரித்தறிவது கடினமில்லை. கடையில் வாங்கிய படக் கேசட் என்றால், பொதுவாகப் படம் தொடங்கியதுமே மறுப்பு வரும், எத்தனை முறை போட்டாலும் வரும். போலித் தடை நடுவில் வரும். கேமராவை நிறுத்தித் திரும்ப ஓட்டிய இடம், இரண்டு காட்சிகளுக்கு நடுவே புள்ளிபுள்ளியாக ஓடும் வெற்று நாடா, நாடா கசங்கிய இடம் இவைதான் அதற்குப் பிடித்தமானவை. ரிவைண்ட் பண்ணி மறுபடி ஓட்டினால் சில நேரம் அதே இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

போலித் தடை வந்தால், முதலில் கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, முழுக்கத் திரும்பச் சுற்றுங்கள்; நாடாவின் இறுக்கம் சமமாகும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். டிராக்கிங்கைத் திருகி, படத்தின் அடியில் ஆடும் கோடு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையுங்கள். வேறு டெக் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். இவ்வளவுக்கும் மசியாவிட்டால், கோளாறான இடத்துக்கு முன்னால் பதிவை நிறுத்தி, தாண்டியதும் மறுபடி தொடங்கி, இரண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வு டைம் பேஸ் கரெக்டர், தமிழில் நேரச் சீராக்கி எனலாம். டெக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் இதை இணைக்க வேண்டும். முழுப் படச்சட்டத்தையும் நினைவகத்தில் வாங்கி, ஒத்திசைவைப் புதிதாக உண்டாக்கி அனுப்பும் வகையே இதற்குத் தேவை. டெக்கின் உள்ளேயே வரும் சிறிய வகை கோடுகளின் ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, இந்தச் சிக்கலுக்குப் பல நேரம் போதாது. டெக்கும் டிவிடி ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் கருவியில் நடுவில் எதையும் நுழைக்க இடமில்லை. அதன் ஏவி வெளியீட்டை வெளியே எடுத்து, வேறு ரெக்கார்டரிலோ கணினியிலோதான் பதிய வேண்டும்.

இப்படிப் பதிவது சட்டப்படி சரியா என்று தயங்குபவர்கள் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன வீடியோவின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடையை உடைப்பவரைத் தண்டிக்கிறது. உங்கள் கல்யாணக் கேசட்டில் உடைக்கத் தடையே கிடையாது. கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டின் தடையை இதே நேரச் சீராக்கியால் நீக்குவது வேறு விஷயம்; அதை இதோடு சேர்க்கக் கூடாது.

கேசட்டைக் கடந்து, வீட்டில் ரைட் பண்ணிய டிவிடியைக் கணினியில் போடும்போதும் சில மென்பொருள்கள் இதே செய்தியைக் காட்டும். கடைப் பட டிவிடிகளில் இருக்கும் சிஎஸ்எஸ் என்ற மறையாக்கப் பூட்டுக்கான சாவி வட்டின் உள்விளிம்பில் ஒரு பகுதியில் இருக்கிறது. சாதாரண டிவிடி-ஆர் வட்டில் அந்தப் பகுதியில் வீட்டு டிரைவால் சாவியை எழுத முடியாது. ஆக, வீட்டில் பதிந்த அந்த வட்டில் சிஎஸ்எஸ் இருக்க வழியில்லை. கீறலோ, சாயம் வெளுத்துப் படிக்க முடியாத பகுதியோதான் அங்கே காரணமாக இருக்கும். வட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.