அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை

"அவரு வெளிய காட்டிக்க மாட்டாருங்க டீச்சர். ஆனா உள்ள நெறைய இருக்குது."

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் குடும்ப ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. இப்படிச் சொன்னவள் தினமும் பஸ் ஏறி பொள்ளாச்சிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நிச்சயம் முடிந்து 4 மாதம். மாப்பிள்ளை எப்போதாவது கூப்பிட்டாலும் "எங்க இருக்கற, கூட யாரு?" இவ்வளவுதான்.

"உள்ள இருக்குன்னு எப்படித் தெரியும்?"

போனை எடுத்து ஒரு கொரியத் தொடரின் காட்சியைக் காட்டினாள். சண்டை முடிந்து நாயகி திரும்பி நடக்கிறாள். அவன் அசையாமல் நிற்கிறான். கேமரா அவளை விட்டுவிட்டு அவன் முகத்தருகே போகிறது. பின்னணி மங்குகிறது, பியானோ கேட்கிறது, கண்ணில் லேசாக ஈரம்.

"இத அந்தப் புள்ள பாத்துச்சா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்க, திரும்பிருச்சே. நாமதான பாக்கறோம்."

அவ்வளவுதான் சூட்சுமம். அவன் மனசு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாம் தவிப்பது அதற்காகத்தான். அந்த ஒரு ஷாட்டை வெட்டிவிட்டால் அவன் வெறுமனே பேசாத ஆள். வீட்டில் அப்படி ஒரு ஷாட்டை யாரும் எடுத்துத் தருவதில்லை. நாமே மனசுக்குள் எடுத்து ஒட்டிக்கொள்கிறோம்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது என்றார்களாம். பதில் வராத வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு நாம் செய்வதும் இதேதான்.

இந்தத் தொடர்களை நானும் பார்ப்பேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும்கூட. 16 பகுதியில் முடிகிற தொடர் என்றால் மௌனத்துக்கும் கொஞ்சம் காரணம் சொல்ல நேரம் இருக்கிறது. இப்போது போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்க்கிற ஒன்றிரண்டு நிமிடத் துண்டுத் தொடர்களில் அதற்கு இடமே கிடையாது. முகம், கண்ணீர், கன்னத்தில் ஒரு அறை, தொடரும். கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தால் அதுதான் காதல்.

அப்படி ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பாட்டு போனதும் மிச்சம் இருந்தது ஒருத்தன் ஒருத்தியைத் தரதரவென்று இழுத்துப்போவது மட்டும். "வலிக்குமேங்க" என்றாள். வேண்டாம் என்ற பிறகும் நாயகன் விடாமல் பின்னாலேயே வருகிற காட்சியையும் இப்படிப் பாருங்கள். நிஜத்தில் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் வருகிற குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. யாராவது அப்படித் தொல்லை கொடுத்தால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பகுதி பாருங்கள், பேச்சு தானாக வரும்.

அடுத்த வாரம் வந்தவள், "அவருகிட்டயே கேட்டுட்டேன். எம்மேல பிரியம் இருக்குதா, இல்லையான்னு" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"சீரியல் பாத்துட்டு வந்து பேசாதேங்கறாரு!"

அவள் குரலில் கோபத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.