கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் தடுப்பூசி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். "அத்தனையும் சுற்றி வருவதற்குள் மருந்து சூட்டில் கெட்டுப்போயிருக்காதா, நர்ஸம்மா?" என்று கேட்டார், மலைமேல் ஒரு புதன்கிழமை பேரனைத் தூக்கி வந்த அம்மாயி ஒருவர். மகள் வெட்கப்பட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசித் திட்டத்தின் பாதி உழைப்பு இந்தக் கேள்விக்காகத்தான் நடக்கிறது.

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வழியில் சூடு பட்டதா என்று காட்டிக்கொடுக்க, குப்பியிலேயே ஓர் அடையாளம் உண்டு: வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரத்தில் பூசிய வேதிப்பொருளின் மூலக்கூறுகள் சூடு பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கறுக்கின்றன. திரும்பக் குளிரவைத்தாலும் வெளுக்காது. நேற்று பட்ட சூடும் இன்று பட்ட சூடும் ஒரே கணக்கில் சேரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் ஊசி போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பி கழிவுதான். எழுத்துத் தெரியாதவரும் இதைப் படித்துவிடலாம். தட்டம்மை-ரூபெல்லா மருந்தில் இது மூடியில் இருப்பதால், திறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

எனக்குச் சுவையாகப் படுவது குளிரின் கதைதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா ஊசியில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அதன் துகள்கள் திரண்டு வீரியம் போய்விடும், உருகினாலும் மீளாது. சதுரம் இதைச் சொல்லாது. ஆகவே உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதிகளை உடனே மருந்துப் பெட்டியில் அடுக்க மாட்டார்கள். வெளியில் வைத்து வியர்க்கவிட்டு, காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகே அடுக்குவார்கள். ஐஸ் கட்டியாகவே வந்தால்தான் நல்லது என்று நினைக்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

அம்மாயியின் அடுத்த கேள்வி காய்ச்சலைப் பற்றியது. "வராது" என்று செவிலியர் மழுப்பவில்லை. பெண்டாவில் கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமிகள் முழுதாக இருக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு உடல் எதிர்ப்பைத் திரட்டும்போது ஓரிரு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம் என்றார். குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவையும் சொன்னார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பயத்தோடு வந்தவரிடம் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வழியிலேயே அடுத்த வதந்தி அவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மிக அரிதாக, சுமார் பத்து லட்சம் ஊசிகளில் ஒன்றில், கடும் ஒவ்வாமை ஏற்படலாம். பெரும்பாலும் அது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் மருந்து இருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரமும் அம்மாயி, பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சதுரத்தையும் வட்டத்தையும் விளக்கிக்கொண்டிருந்தார்.