சோக்: சொல் விளக்கம்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் கார் ஒன்று விடியற்காலையில் கிளம்பாமல் அடம்பிடித்தால், மெக்கானிக் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் “சோக் இழுத்தீங்களா?” என்பதாகவே இருக்கும். டேஷ்போர்டின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமிழ், அதிலிருந்து கார்புரேட்டர் வரை செல்லும் ஒரு கேபிள், அதன் முனையில் அசையும் ஒரு சிறு தகடு ஆகிய மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் இச்சொல் குறிக்கிறது. எரிபொருளை ஊசிவழிப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தபின் அந்தக் குமிழ் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. பழைய அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஆகியவற்றை இன்றும் பேணுவோருக்கு அது அன்றாடச் சொல்லே.

பெட்ரோல் நீர்மமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரியும். முழுமையாக எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று எடைக்கணக்கில் தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் ஒரு பகுதியே ஆவியாகிறது, எஞ்சியது உள்ளிழுப்புக் குழாயின் குளிர்ந்த சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. அதனால் சிலிண்டரைச் சேரும் கலவை தீப்பொறி பட்டும் பற்றாத அளவுக்கு மெலிந்து போகிறது. இக்குறையை ஈடுசெய்யக் கார்புரேட்டரின் வாயிலில் உள்ள தகடு மூடப்படுகிறது. காற்று வரும் வழி அடைபட்டதால் எஞ்சினின் உறிஞ்சுவிசை முழுவதும் பெட்ரோல் வெளிவரும் நுண்துளையான ஜெட்டின் மீது திரும்பி, பெட்ரோலைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. சோக் பெட்ரோலைக் கூட்டும் என்று பட்டறைகளில் சொல்வது விளைவைப் பொறுத்தவரை சரியே. ஆனால் அந்தத் தகடு தானாக ஒரு சொட்டுப் பெட்ரோலையும் ஊற்றுவதில்லை, காற்றை மறிப்பது மட்டுமே அதன் வேலை.

பெயரும் அவ்வாறே அமைந்தது. ஆங்கிலத்தில் இச்சொல் மூச்சு முட்டுவதையும் முட்டச் செய்வதையும் ஒருங்கே குறிக்கும் வினையாகும். தாடை, கன்னம் ஆகிய பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லோடு அது உறவுடையது என்பது சொற்பிறப்பியலார் கருத்து. குரல்வளையில் தொடங்கிய அந்த வினை, வழி குறுகும் இடங்களுக்கெல்லாம் பின்னர் பரவியது: வேட்டைத் துப்பாக்கிக் குழலின் முனைக்குறுக்கத்திற்கும் அதுவே பெயர், குழல்விளக்கில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கம்பிச்சுருளுக்கும் அதுவே பெயர். நம் வீடுகளில் “ட்யூப்லைட் சோக் போயிடுச்சு” என்பது இந்தக் கடைசிப் பொருளில்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டன் வழக்கில் கார்புரேட்டரின் நடுவே காற்றின் வேகத்தைக் கூட்டுவதற்காகக் குறுக்கப்பட்ட பகுதியையும் ‘சோக்’ என்றே அழைத்தனர். இரட்டைச் சோக் கார்புரேட்டர் என்று கூறப்படுவதில் இருப்பவை இரண்டு குறுகிய காற்றுவழிகளே. குளிர்த்தொடக்கத்திற்கான தகடுகள் இரண்டு என்று அதற்குப் பொருளில்லை. குளிரில் மூடும் தகட்டை அங்கே ‘ஸ்ட்ராங்க்லர்’, அதாவது கழுத்தை நெரிப்பது, என்று வேறு பெயரால் சுட்டும் வழக்கமும் இருந்தது. அந்த வேறுபாடு தெரியாமல் பழைய பழுதுநீக்கக் கையேட்டைப் படிப்பவர், சோக்கின் விட்டம் என்று கொடுக்கப்பட்டுள்ள அளவைத் தகட்டின் அளவாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை என்பதால், பேச்சில் இது இயல்பாகவே ‘சோக்கு’ ஆகிவிடுகிறது. அப்படி ஆனதும் “சோக்கா இருக்கு” என்னும் சென்னைப் பேச்சுச் சொல்லோடு ஒலியில் ஒன்றிவிடுகிறது. அது விருப்பம் எனப் பொருள்படும் உருதுச் சொல்லின் வழிவந்தது, இதனோடு தொடர்பற்றது.

தமிழ் இணைச்சொல் தேடும்போது முதலில் நாவில் வருவது ‘திணறி’. அது பொருந்தாது. ஆங்கில வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். தமிழோ திணறுவதையும் திணறடிப்பதையும் வடிவத்தாலேயே பிரித்துக் காட்டுகிறது. திணறுவது எஞ்சின், தகடு அன்று. ஆகவே ‘திணறி’ என்பது செய்யும் கருவியின் பெயரை விட்டுப் படும் பொருளின் பெயராகிவிடும். ‘அடைப்பி’ இலக்கணப்படி சரி என்றாலும் பட்டறையில் குழப்பும், ஏனெனில் கார்புரேட்டரில் அடைப்பு என்றாலே ஜெட்டில் தூசு சிக்கிய பழுது என்றுதான் எவரும் கொள்வர். எதை அடைக்கிறது என்பதையும் பெயருக்குள் கொண்டுவரும் ‘காற்றடைப்பு மடல்’ என்பதே தகட்டிற்கு ஏற்றது என்பது என் கருத்து. காதுமடல், வாழைமடல் என்று நாம் வழங்கும் மடல், ஓர் ஓரத்தையோ அச்சையோ பற்றி அசையும் தட்டையான உறுப்புக்கு இயல்பாகப் பொருந்துகிறது. காற்றின் வேகத்தைக் கூட்டும் குறுகிய பகுதிக்கு ‘மிடறு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. தொண்டை என்னும் அதன் பொருள் ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடத்திற்கும் அணுக்கமானது. குழல்விளக்கின் உறுப்புக்கு ‘அடைசுருள்’ போதும்.

ஆயினும் காற்றடைப்பு மடல் எல்லாக் கார்களுக்கும் பொருந்திவிடாது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசிடர்களில் காணப்படும் எஸ்.யூ. என்னும் வகைக் கார்புரேட்டரில் அந்த மடலே கிடையாது. குமிழை இழுத்தால் அங்கே ஜெட் கீழே இறங்குகிறது. அதனுள் நிற்கும் கூம்பு ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி அகன்று பெட்ரோல் மிகுதியாக வருகிறது. காற்று எங்கும் அடைபடுவதில்லை. ஆயினும் அந்தக் குமிழின் பெயரும் சோக்தான். ஆகவே மடலைத் தகட்டின் பெயராக நிறுத்திக்கொண்டு, கலவையைச் செறிவாக்கும் ஏற்பாடு முழுமைக்கும் ‘செறிப்பி’ என்று பொதுப்பெயர் வைப்பது நேர்த்தி.

பழுதைக் கண்டறிவதிலும் இப்பிரிப்பு பயன்படுகிறது. மடல் உள்ள கார்புரேட்டராயின் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒருவர் குமிழை இழுக்க மற்றவர் வாயிலைப் பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் மடல் முழுதாக மூடாது, குளிரில் எஞ்சின் பற்றாது. குமிழைத் தள்ளிய பிறகும் அது நிமிர்ந்து நில்லாவிட்டால் கலவை செறிந்தே இருக்கும், தீப்பொறி தரும் பிளக்குகளில் உலர்ந்த கரி படியும். எஸ்.யூ.வில் இறங்கிய ஜெட் மேலே திரும்பாமல் சிக்கிக்கொண்டாலும் இதே கரிதான், இதே கரும்புகைதான். சூடேறிய பிறகும் பாதி சோக்கில்தான் எஞ்சின் நிற்கிறது என்றால், பழுது செறிப்பியில் இருப்பது அரிது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் தூசு அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட் வழியே அளவுக்கு மீறிய காற்று நுழைந்துகொண்டிருக்கும். செறிப்பி அந்த மெலிவை மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்து அது காய்ந்திருந்தால், மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று அழைக்கும் பெட்ரோல் பம்பிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

வெயிலில் ஓடி நின்ற வண்டியின் கதை நேர்மாறானது. எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கி நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவி உள்ளே தேங்கியிருக்க, குமிழை இழுப்பவர் ஏற்கெனவே செறிந்த கலவையை இன்னும் செறிவாக்கிப் பிளக்குகளை நனைத்துவிடுகிறார். அப்போது குமிழை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால், காற்று தாராளமாக நுழைந்து மிகையான பெட்ரோலை வெளியேற்றிவிடும்.